எஞ்சினைத் தொடவில்லை, தளம் ஏன் விலகியது?

கேள்வி: ஆர்பிட்டர் 2016 விண்பறப்பு சிமுலேட்டரில் டெல்டா கிளைடர் விண்கலத்தை 200 கிமீ உயரத்துக்கு ஏற்றி, சுற்றுத்தளத்தை (சுற்றுப்பாதை கிடக்கும் தளத்தை) 400 கிமீ உயரத்தில் உள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தோடு 0.00 டிகிரிக்குச் சரிசெய்தேன். நிலையத்தை எட்டிப்பிடிக்க ஒரு நாள் காத்திருந்தேன். திரும்பப் பார்த்தால் 0.4 டிகிரி விலகல். மென்பொருள் பிழையா?

பதில்: பிழை இல்லை. பூமிக்குத் தொப்பை உண்டு. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிமீ அதிகம். லாஞ்ச்பேடில் (ஆர்பிட்டரின் தொடக்கச் சாளரத்தில்) பாராமீட்டர்ஸ் பக்கத்தில் 'நான்ஸ்ஃபெரிக்கல் கிராவிட்டி சோர்சஸ்' கட்டத்தில் டிக் இருந்தால், இந்தத் தொப்பையின் இழுப்பையும் ஆர்பிட்டர் கணக்கில் எடுக்கும். ஜே2 விளைவு என்பது இதுதான். சுற்றுத்தளம், நடுக்கோட்டோடு அது செய்யும் கோணமான சாய்வு மாறாமல், மேற்கு நோக்கி மெல்லத் திரும்பிக்கொண்டே போகும்.

நிலையத்தின் 51.6 டிகிரி சாய்வில், 400 கிமீ உயரத்தில் இந்தத் திருப்பம் நாளுக்கு ஏறக்குறைய 5 டிகிரி. 200 கிமீயில் 5.5. இருவரும் ஒரே வேகத்தில் திரும்பினால் சிக்கலே இல்லை. தாழ்ந்த நீங்கள் வேகமாகத் திரும்புகிறீர்கள். அந்த அரை டிகிரிச் சொச்சம் இரு தளங்களுக்கு இடையிலான கோணமாக 0.43 டிகிரி ஆகிறது. அதைத் திருத்த, வேகத்தை நொடிக்கு 58 மீட்டர் மாற்றும் அளவுக்கு எஞ்சினை எரிக்க வேண்டும்.

பழகுநர் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைத்தே ஓட்டுவதானால், காத்திருப்பதற்கு முன் பூஜ்யம் ஆக்குவது வீண் வேலை. வந்து சேரும்போது பூஜ்யம் ஆகும்படி முன்கூட்டியே விலக்கி வையுங்கள். தாழ்ந்த தளம் மேற்கே ஓடும் என்பதால் ஆரம்பத்தில் அது நிலையத்தின் தளத்துக்குக் கிழக்கே இருக்க வேண்டும். ஏவுதளம் நிலையத்தின் தளத்தைக் கடக்கும் கணத்துக்குப் பிறகு, 200 கிமீயில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 2 நிமிடம் 10 விநாடி தாமதித்துக் கிளம்புங்கள். மிச்சத்தைப் பூமியின் சுழற்சி பார்த்துக்கொள்ளும். 350 கிமீயில் காத்திருந்தால் வித்தியாசம் நாளுக்கு 0.13 டிகிரிதான், அரை நிமிடத் தாமதம் போதும். ஆனால் எட்டிப்பிடிக்க நாள் கூடும்.

மிஞ்சும் விலகலைக் கடைசி ஓரிரு சுற்றில் திருத்துங்கள். இப்படி வந்த விலகலில் இரு தளங்களும் வெட்டிக்கொள்வது பாதையின் வடகோடி, தென்கோடிக்கு அருகில், நடுக்கோட்டில் தேடாதீர்கள். தளங்களைச் சரிசெய்ய உதவும் அலைன் பிளேன்ஸ் எம்எஃப்டி (விமானித் திரை) ஏறுகணு, அதாவது நிலையத்தின் தளத்தைக் கீழிருந்து மேலே கடக்கும் புள்ளி, காட்டினால் ஆன்டிநார்மல் (தளத்துக்குச் செங்குத்தாகத் தென்பக்கம்), இறங்குகணு காட்டினால் நார்மல் (வடபக்கம்). எரிப்பு நேரத்தில் பாதி கணுவுக்கு முன்பும் பாதி பின்பும் விழ வேண்டும். 0.01 டிகிரி மிஞ்சினாலும் பக்கவாட்டில் 1.2 கிமீ ஊசலாடுவீர்கள். கடைசிக் கிலோமீட்டர்களில் அதை ஆர்சிஎஸ் என்ற சிறு உந்திகளாலேயே சமாளிக்கலாம்.

பலரும் எரிபொருளைத் தொலைப்பது வேறு இடத்தில். ஆர்பிட் எம்எஃப்டி காட்டுவது அந்தக் கணத்துப் பாதையை மட்டும். தொப்பையால் அரைப்பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீள அச்சில் பாதி) ஒரே சுற்றுக்குள் 6 கிமீ மேலும் 6 கிமீ கீழும் ஊசலாடும். எஞ்சின் அணைந்திருந்தாலும் பாதையின் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த புள்ளிகளான அண்மை, சேய்மை உயரங்கள் ஏறி இறங்கும். அந்த எண்களைத் துரத்தி வட்டமாக்கப் போனால் டேங்க் காலியாகும், பாதை வட்டமாகாது. ஒரு முழுச் சுற்றின் சராசரியைப் பாருங்கள்.

நிலையத்தைச் சந்திக்கும் நேரத்தைக் கணிக்கும் சிங்க் ஆர்பிட் எம்எஃப்டியும் இதே கணநேரப் பாதையை வைத்துத்தான் கணிக்கிறது. நிலையம் உங்களுக்குக் கால் சுற்று முன்னே இருக்கும்போது இருவரின் ஊசலும் எதிரெதிர். கணிப்பு ஒரு சுற்றுக்கு 100 கிமீ வரை பிசகலாம். ஐந்து சுற்று தள்ளிக் காட்டும் சந்திப்பை நம்பி எரிக்காதீர்கள். தோராயமாக நெருங்கி, அடுத்த சுற்றுச் சந்திப்புக்கு மட்டும் துல்லியமாகத் திருத்துங்கள். நிலையத்துக்கு 50 கிமீக்குள் வந்துவிட்டால் இருவரும் ஏறக்குறைய ஒரே ஊசலில் இருப்பீர்கள், ஜே2வை மறந்துவிட்டு நிலையத்தோடு இணைய உதவும் டாக்கிங் எம்எஃப்டிக்கு மாறலாம்.