எல்லா வசவும் ஒன்றா?

கேள்வி: 'எடுபட்ட பயலே' என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சும்போதும் சொல்வார்கள், திட்டும்போதும் சொல்வார்கள். எட்டாவது படிக்கும் மகன் வெப் சீரிஸ் பார்த்துவிட்டு, தாயை இழுக்கும் வசவைப் பேசுகிறான். கண்டித்தால், 'ரெண்டும் ஒண்ணுதானே' என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: ஒன்றல்ல. 'எடுபட்ட பயலே', 'கட்டையில போறவனே' எல்லாம் எதிரே நிற்பவனுக்கான சாபம். உறவும் குரலும் அதன் முள்ளை ஒடித்துவிடும். பாட்டி சொன்னால் பேரன் சிரிப்பான். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் சொன்னால் சண்டைதான். தாயை, தங்கையை இழுக்கும் வசவோ அங்கே இல்லாத ஒரு பெண்ணை அவமதிக்கிறது. இதை மகனிடம் நேராகவே சொல்லுங்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது இன்னும் கொடுமை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுவெளியில் மற்றவர் அப்படித் திட்டினால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. விளையாட்டுக்குக்கூட வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்.

தியேட்டர் படத்தில் வசவை மௌனமாக்குவார்கள். உதட்டசைவை வைத்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓடிடியில் முன்தணிக்கையே இல்லை. மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயதுக் குறியீடு காட்ட வேண்டும். 'யு/ஏ 13+' (13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டியது) முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பூட்டு வசதி தர வேண்டும். மகனுக்குத் தனி புரொஃபைல் திறந்து வயது வரம்பு வையுங்கள். உங்கள் புரொஃபைலுக்கும் பின் நம்பர் போடுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் பிள்ளை அந்த வழியாக உள்ளே போகிறான். பிறந்த வருடத்தைப் பின் நம்பராக வைக்காதீர்கள். குறியீடு தவறென்று பட்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 15 நாளில் முடிவைச் சொல்ல வேண்டும்.