ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவில் ஜீன் தொலைவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: டி.என்.ஏ.வில் ஒரே வரிசை இரண்டு இடத்தில் இருந்தால் நடுவில் இருக்கும் ஜீன் ஏன் போக வேண்டும், சார்?

பதில்: ஒரு பக்கத்தைக் கையால் படியெடுத்துப் பாருங்கள். ஒரே சொல் ஐந்தாவது வரியிலும் ஒன்பதாவது வரியிலும் இருந்தால், முதல் இடத்தை எழுதிவிட்டு நிமிரும் கண் இரண்டாவது இடத்தில் போய் உட்காரும். நாலு வரி போச்சு. டி.என்.ஏ. நகலாகும்போதும் இதே வழுக்கல் நடக்கும்: வளரும் இழை முதல் வரிசையை எழுதியதும் கழன்று, அதே போன்ற இரண்டாவது வரிசையில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வழியும் உண்டு. நடுவில் இரண்டு இழைகளும் அறுந்தால், முனைகள் அரிக்கப்பட்டு, ஒத்த வரிசைகள் வெளிப்பட்டு ஒன்றோடொன்று இணையும். எப்படிப் போனாலும் தடயம் ஒன்றுதான்: இரண்டு வரிசைகளில் ஒன்று மட்டும் மிஞ்சும்.

கேள்வி: இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தால்?

பதில்: மறுசேர்க்கையில், அதாவது ஒத்த வரிசைகள் வெட்டி ஒட்டிக்கொள்ளும்போது, நடுப்பகுதி தலைகீழாகத் திரும்பும், தொலையாது.

கேள்வி: ஈஸ்டில் இது ஏன் இவ்வளவு சாதாரணம்?

பதில்: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அது 16,569 எழுத்து. ரொட்டி ஈஸ்டில் சுமார் 75,000 முதல் 86,000 வரை. ஜீன்கள் அந்த அளவுக்கு அதிகமில்லை. இடைவெளியை நிரப்புவது நீண்ட ஏ-டி பரப்புகள், அவற்றுக்கிடையே ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் சுமார் 200 ஜி-சி கொத்துகள். வழுக்க இதைவிட வாகான தரை கிடையாது. போதாததற்கு, ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவில் மறுசேர்க்கையும் மும்முரமாக நடக்கிறது.

கேள்வி: ஜீன் போனால் ஈஸ்ட் சாகாதா?

பதில்: சாகாது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் நின்றாலும், குளுக்கோஸ் இருந்தால் நொதித்தே பிழைக்கும், காலனி மட்டும் சிறுத்துவிடும். 1949இல் மரபியலாளர் போரிஸ் எஃப்ருசி பாரிஸில் விவரித்த ‘பெட்டீட்’ (பிரெஞ்சில் ‘சிறியது’) இதுதான். கிளிசராலை நொதிக்க முடியாது, சுவாசம் வேண்டும்; அதனால் கிளிசரால் தட்டில் வைத்தால் வளரவே வளராது. அடினின் ஜீன் பழுதான ஈஸ்ட் சிவப்பாக வளரும். அதில் பெட்டீட் மட்டும் வெள்ளையாக நிற்கும். முதல் வருடம் நான் அந்த வெள்ளைப் புள்ளிகளைக் கலப்படம் என்று நினைத்து ஒரு தட்டையே தூக்கிப்போட்டேன்.

கேள்வி: பெட்டீட் பல காரணத்தால் வரலாமே. மறுவரிசையால், அதாவது இரண்டு இடத்தில் இருக்கும் ஒரே வரிசையால், வந்த இழப்பை மட்டும் எப்படி எண்ணுகிறீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதில்தான் இருக்கிறது. அர்ஜினின் தயாரிக்க உதவும் ‘ஆர்க்-8’ உட்கருவில் இருக்கும் ஜீன். அதை மைட்டோகாண்ட்ரியாவின் குறியீட்டில் திருத்தி எழுதி, சுவாசத்துக்குத் தேவையான ‘காக்ஸ்-2’ என்ற மைட்டோகாண்ட்ரியா ஜீனுக்குள் செருகுவார்கள். இரு பக்கமும் ஒரே வரிசை. இப்போது செல்லுக்குச் சுவாசம் இல்லை. மறுவரிசைகள் இணைந்து நடுத்துண்டு விழுந்தால் காக்ஸ்-2 முழுமையாகி, செல் கிளிசராலில் வளரும். இழப்பு நடந்த செல்தான் பிழைக்கும், காலனியை எண்ணினால் போதும்.

கேள்வி: மனிதரிலும் இப்படி உண்டா?

பதில்: உண்டு. 4,977 எழுத்துகள் விழும் இழப்பு பிரபலமானது. அதன் இரு முனையிலும் 13 எழுத்து மறுவரிசை. கேர்ன்ஸ்-சேர் என்ற மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர்கள் பலரிடம் காணப்படுவது இதுவே.