டர்னரின் நூறு கோடி: காற்றோடு போனதா?

கேள்வி: சி.என்.என். நிறுவனர் டெட் டர்னர் ஐ.நா.வுக்கு 100 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். பங்குகள் சரிந்ததும் அது காற்றோடு போய்விட்டதாமே? பணக்காரர் தர்மமே விளம்பரம்தானே?

பதில்: விளம்பரம்தான், யார் இல்லை என்றது? 1997 செப்டம்பரில் நியூயார்க் விருந்து மேடையில் சொன்ன கையோடு மற்ற கோடீஸ்வரர்களையும் வம்புக்கு இழுத்தார். பணக்காரர் பட்டியலை விடுங்கள், கொடையாளர் பட்டியல் போடுங்கள் என்று அதற்கு முந்தைய ஆண்டே பத்திரிகைகளைச் சீண்டியவர். ஸ்லேட் இதழ் உடனே போடவும் செய்தது.

பணம் காற்றோடு போகவில்லை. ஆனால் நினைத்தபடி நேராகவும் போகவில்லை. ஐ.நா.வுக்கு அமெரிக்கா கட்டாமல் வைத்திருந்த சந்தா பாக்கியைத் தானே அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தார். ஐ.நா. சாசனத்தின் 17ஆம் பிரிவுப்படி அதன் செலவு உறுப்பு நாடுகளின் பொறுப்பு. தனி ஆள் காசோலை நீட்டினால் ஒரு நாட்டின் கணக்கில் வரவு வைக்க வழியில்லை. அதனால் 1998இல் வெளியே ஐ.நா. அறக்கட்டளை, உள்ளே அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அமைத்த கூட்டாண்மை நிதி என்று இரண்டு கதவுகள் வைத்தார்கள். யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் திட்டங்கள் உள்கதவு வழியாக அறக்கட்டளைக்கு வரும்; ஒப்புதலான பணம் அதே வழியில் திரும்பும். தட்டம்மை, போலியோ ஒழிப்புக்கெல்லாம் காசு வந்தது இப்படித்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஆண்டுக்கு 10 கோடி வீதம் பத்தாண்டு என்ற கணக்கு அவர் கையிலிருந்த டைம் வார்னர் ஊடக நிறுவனப் பங்குகளை நம்பிப் போட்டது. ஏ.ஓ.எல். என்ற இணைய நிறுவனத்தோடு அது இணைந்த பின் பங்கு விலை அதலபாதாளத்துக்குப் போனது. விலை பாதியானால் அதே 10 கோடிக்கு இரு மடங்கு பங்கு விற்க வேண்டும். தவணைகளை நீட்டினார், கெடு தாண்டியது, ஆனால் கொடுத்து முடித்தார்.

அறிவிப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது செர்பியத் தலைநகர் பெல்கிரேடு அருகே வின்சா அணு ஆய்வகத்தில் நடந்தது. அங்கே அணுகுண்டு செய்ய உதவும், 80 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் சுமார் 48 கிலோ கிடந்தது. அதை அகற்ற அமெரிக்க அரசால் செலவு செய்ய முடியும்; ஆனால் பயன்படுத்திய எரிபொருளையும் சுத்தம் செய்தால்தான் தருவோம் என்றது செர்பியத் தரப்பு. அந்த வேலைக்குச் செலவிட அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. டர்னரும் முன்னாள் செனட்டர் சாம் நன்னும் 2001இல் தொடங்கிய அணு அச்சுறுத்தல் தடுப்பு அமைப்பு 50 லட்சம் டாலர் தந்து முடிச்சை அவிழ்த்தது. 2002 ஆகஸ்டில் யுரேனியம் விமானத்தில் ரஷ்யா போனது. பழைய எரிபொருள் போய்ச் சேர 2010 டிசம்பர் ஆயிற்று.