சோள மணியில் காளான் வித்து: வாசகர்களின் சில கேள்விகள்

கேள்வி: சிப்பிக் காளான் வித்துக்காக (காளான் இழைகளை வளர்த்து விதைபோலப் பயன்படுத்தும் தானியம்) சோளத்தை வேகவைக்கும்போது ஒவ்வொரு முறையும் குழைந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்?

பதில்: அரை வேக்காடு போதும். ஏறத்தாழ அரை மணி நேரம் என்பது பொதுவான கணக்கு என்றாலும், சோளத்தின் இரகத்தையும் பழமையையும் பொறுத்து அது கூடும், குறையும் என்பதால் கடிகாரத்தைவிட விரலை நம்புவது நல்லது. ஒரு மணியை எடுத்து நசுக்கினால் அது தட்டையாக வேண்டும்; ஆனால் அதற்கு முன்பே தோல் வெடித்திருக்கக் கூடாது. வெடித்த மணியிலிருந்து கசியும் மாவு, காளான் பூசணத்துக்கு முன்பாகப் பாக்டீரியாவுக்கே உணவாகிவிடுகிறது. முதல் நாள் இரவே சோளத்தை ஊறவைத்தால் சீராக வேகும். மணிகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் உறங்குநிலை நுண்வித்துகளும் ஓரளவு முளைத்து, பின்னர் வெப்பத்தில் எளிதாக மடியும்.

வெந்த சோளத்தை நீர் வடித்து, நிழலில் சுத்தமான சாக்கின் மேல் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரித்தால் மணிகள் தனித்தனியாக உதிர வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அப்போது மணியின் ஈரப்பதம் சுமார் 50 சதவீதம் இருக்கும். அதன் பிறகு கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்தால், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, புளிப்புத்தன்மையும் மட்டுப்படும். விதைக்கென விற்கும் சோளத்தில் பூசணக்கொல்லி கலந்திருக்கக்கூடும் என்பதால், மளிகைக் கடையில் உணவுக்காக விற்கும் சோளத்தையே வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) இல்லை. இட்லிக் கொப்பரையில் நெடுநேரம் அவித்தால் போதாதா?

பதில்: போதாது. கொப்பரையின் ஆவி 100 டிகிரி செல்சியசைத் தாண்டுவதில்லை. தானியத்தில் இருக்கும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் நுண்வித்துகளோ அந்த வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில்தான் வெப்பம் 121 டிகிரியை எட்டுகிறது. பெரிய பிரஷர் குக்கர் ஏறத்தாழ இந்த அழுத்தத்தைத் தரும். விசிலை எண்ணாமல், அழுத்தம் ஏறியபின் தீயைக் குறைத்து, சோளம் நிரப்பிய சிறிய பைகளை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். அவ்வளவு நேரத்துக்கும் தண்ணீர் காணுமா என்பதை முன்பே உறுதிசெய்யுங்கள். நீர் வற்றிய குக்கர் ஆபத்தானது. சாதாரணப் பாலித்தீன் உருகிவிடும், பாலிப்ரொப்பிலீன் பையே தாங்கும். பையின் வாயை, தண்ணீரை உறிஞ்சாத பஞ்சால் அடைத்து அதன்மேல் காகிதம் கட்டுங்கள். பஞ்சு நனைந்தால் அதன் வழியாகவே கிருமி நுழையும். சோளம் முழுவதும் ஆறிய பிறகே தாய் வித்தை (தூய காளான் வளர்ப்பிலிருந்து தயாரித்த முதல் வித்து) இட வேண்டும்.

கேள்வி: பையின் ஒரு மூலையில் மட்டும் பச்சை படர்ந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு மீதியைப் படுக்கைக்குப் (காளான் வளர்க்கும் வைக்கோல் பைகளுக்கு) பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பச்சை பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்னும் பூசணமாகவே இருக்கும். நிறம் தெரியும் வேளையில் அதன் நுண்வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் மற்ற மணிகளிலும் படிந்திருக்கும், ஆகவே அந்த ஒரு பை படுக்கைகள் அனைத்தையும் கெடுத்துவிடக்கூடும். வித்து அறையில் பிரிக்காமல், அப்படியே குக்கரில் அவித்துவிட்டு உரக்குழியில் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பூசணம் பிடித்த பைகளைக் கையாளவே வேண்டாம். செம்மஞ்சள் நிறம் நியூரோஸ்போரா என்னும் பூசணத்தின் அறிகுறி. அது மிக வேகமாகப் பரவுவதால் அன்றே அப்புறப்படுத்துங்கள். மணிகள் வழவழப்பாகிப் புளித்த வாடை வீசினால் காரணம் பாக்டீரியா; ஈரம் மிகுந்தோ வெப்பம் போதாமலோ இருந்திருக்கும். வெண்ணிற இழைகளின் மேல் துளிர்க்கும் மஞ்சள் நீர்த்துளிகளை மட்டும் பார்த்துப் பையை எறிந்துவிடாதீர்கள். காளானே அதைச் சுரக்கலாம். வாடையும் நிறமாற்றமும் உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய படுக்கை வித்திலிருந்து (படுக்கையில் இடும் வித்து) மீண்டும் மீண்டும் புதிய வித்து தயாரித்துக்கொண்டே போகலாமா?

பதில்: பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தாய் வித்துப் பையிலிருந்து சுமார் 30 படுக்கை வித்துப் பைகள் கிடைக்கும். அதோடு நிறுத்துவதே முறை. தலைமுறை கூடக் கூட இழைகளின் வீரியம் குறையும், ஒவ்வொரு மாற்றத்திலும் கலப்படம் புகும் வாய்ப்பும் சேர்ந்துகொள்ளும். தாய் வித்தை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற நம்பகமான இடத்தில் வாங்குங்கள். அந்தச் செலவைச் சேமிக்க முயல்வது வீண்.

கேள்வி: தயாரான வித்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: சிப்பிக் காளான் வித்தைச் சில வாரங்கள் வைக்கலாம், ஆனாலும் 15 முதல் 18 நாள் வயதில் படுக்கையில் இடும்போதே அது நன்றாகப் பரவும். வைக்கோல் காளான் வித்தை ஒருபோதும் குளிரில் வைக்காதீர்கள். வெப்பமண்டலக் காளான் என்பதால் 4 டிகிரி குளிரில் அதன் இழைகள் மடிந்துவிடும்.

கேள்வி: வித்தை ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கையில் சானிடைசர் தடவிக்கொண்டு, கிருமி அண்டாமலிருக்க விளக்குச் சுடரருகே வேலை செய்கிறேன். இது சரியா?

பதில்: சுத்தம் சரி, வரிசையில் கவனம் வேண்டும். சானிடைசரில் இருப்பது எரியக்கூடிய ஆல்கஹால். கை முழுவதும் உலர்ந்த பின்பே விளக்கை ஏற்றுங்கள், புட்டியை மூடித் தொலைவில் வையுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.