சொந்தமாக வினைல் இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் வாங்கலாமா?

உங்கள் குழுவின் பாடல்களை முப்பது தட்டுகளாக மட்டும் வெளியிட விரும்புவதாகவும், அதற்காக ஓர் இயந்திரத்தையே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முப்பது தட்டுகளுக்காக மட்டும் என்றால் வேண்டாம்; இந்த வேலையையே கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஆலையில் முதலில் லாக்கர் எனும் மென்பூச்சு பூசிய தட்டில் பள்ளத்தை வெட்டி, அதன்மேல் நிக்கல் படியச் செய்து அச்சு எடுத்து, அந்த அச்சைக் கொண்டு தட்டுகளை அழுத்தி எடுக்கிறார்கள். தொடக்கச் செலவு பெரிது என்பதால் நூற்றுக்கணக்கில் எடுத்தால்தான் அது கட்டுப்படியாகும். வீட்டு இயந்திரத்தில் அச்சு கிடையாது. ஒவ்வொரு தட்டையும் பாட்டு ஓடும் நேரம் முழுவதும் உட்கார்ந்து வெட்ட வேண்டும். பக்கத்துக்கு 20 நிமிடம் என்று கொண்டால் முப்பது தட்டுகளுக்கு 20 மணி நேரம் ஆகும், கெட்டுப்போகும் தட்டுகள் இந்தக் கணக்கில் சேராது.

டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனத்தின் பிஓ-80 போன்ற சிறு கருவிகள் 5 அங்குலத் தட்டில் மோனோ ஒலியை (இடதுக்கும் வலதுக்கும் ஒரே ஒலி) மட்டுமே பதிக்கும். அவை விளையாட்டுக்குச் சரி. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின்மேல் பொருத்தும் ஜெர்மானிய வினைல்ரெக்கார்டர் டி-560, வைர ஊசியால் பிவிசி தட்டில் ஸ்டீரியோவாகவே வெட்டும். பிரெஸ்டோ, ரெக்-ஓ-கட் போன்ற பழைய அமெரிக்க இயந்திரங்கள் அழகானவைதாம். ஆனால் ஒலியைவிட உதிரிபாகங்களைத் தேடுவதில் அதிக நேரம் போகும் என்பதால் முதல் இயந்திரமாக அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குமுன் அந்த இயந்திரம் வெட்டுகிறதா, அழுத்துகிறதா என்று கேளுங்கள். அழுத்தும் வகை, பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக் தட்டில் எதையும் வெட்டி எடுக்காமல் ஊசியை அழுத்தியே பள்ளத்தைப் பதிக்கிறது. சீவல் விழாது, ஆனால் இரைச்சல் கூடும், உச்ச (மேல்சுருதி) ஒலிகள் மங்கும். வெட்டும் வகையில், லேத்தில் உலோகம் கடையும்போது வருவதைப் போல மெல்லிய இழை இடைவிடாமல் சுருண்டு வரும்; அதை உறிஞ்சு குழாய் உடனுக்குடன் இழுக்காவிட்டால் ஊசியில் சிக்கித் தட்டைக் கெடுத்துவிடும். லாக்கர் தட்டின் சீவல் நைட்ரோசெல்லுலோஸ் என்பதால் எளிதில் தீப்பற்றும். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை தீயில் அழிந்ததிலிருந்து லாக்கர் தட்டுகளுக்கு உலகமே பெரிதும் ஜப்பானை நம்பியிருப்பதால், வீட்டு வேலைக்கு பிவிசியே போதும் என்பது என் கருத்து.

உண்மையான சிரமம் இயந்திரத்தில் இல்லை, அதற்குள் அனுப்பும் ஒலியில் இருக்கிறது. ஸ்டீரியோ பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் இடது, வலது ஒலிகளில் ஆளுக்கொன்றைத் தாங்குகின்றன. இரண்டிலும் ஒன்றாக வருவது ஊசியைப் பக்கவாட்டிலும், வேறுபட்டு வருவது மேலும் கீழுமாகவும் அசைக்கும். ஆகவே தாழ்ந்த (கீழ்ச்சுருதி) ஒலிகள் இடதிலும் வலதிலும் வேறுபட்டால் ஊசி தட்டை விட்டே எழும்பலாம், அல்லது மிக ஆழமாக இறங்கலாம். சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மோனோவாக்கிவிடுவது இதற்காகத்தான். 1954 முதல் வழக்கிலுள்ள ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம்) முறைப்படி, வெட்டும்போது தாழ்ந்த ஒலிகள் குறைக்கப்பட்டு உச்ச ஒலிகள் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் வரை உயர்த்தப்படுகின்றன, இசைக்கும்போது அது நேர்செய்யப்படுகிறது. அந்த உயர்வினால்தான் பாடகரின் ‘ஸ’கர ஒலிகளும் ஜால்ராவும் வெட்டுத்தலையை (வெட்டும் ஊசியை அசைக்கும் பாகத்தை) சூடாக்குகின்றன, இசைக்கும்போது கரகரக்கின்றன. கணினியில் கேட்க இனிமையாக இருக்கும் கலவையை அப்படியே அனுப்பாமல் அந்த ஒலிகளை மட்டும் தணித்து அனுப்புங்கள்.

பாடல் வரிசையையும் தட்டே தீர்மானிக்கும். 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும்போது வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்விளிம்பில் 21 செ.மீ. மட்டுமே. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுவதால் உள்ளே தெளிவு குறையும். ஆரவாரமான பாடலை முதலிலும் அமைதியானதைக் கடைசியிலும் வையுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது வெற்றுத் தட்டுகள், மழுங்கும் ஊசிகள், பள்ளத்தின் அகலத்தைச் சரிபார்க்க ஒரு நுண்ணோக்கி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுமுன், நீங்கள் வாங்க நினைக்கும் அதே இயந்திரத்தை வைத்திருப்பவரிடம் உங்கள் பாடல் ஒன்றைக் கொடுத்து ஒரு தட்டு வெட்டி வாங்கி, சாதாரண பிளேயரில் கேட்டுப் பாருங்கள்; விற்பனைக்கான மாதிரித் தட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.