பஸ்ஸில் உட்காரப்போவது யார்?

கேள்வி: ஜூனில் மனைவி, அம்மாவுடன் 10 நாள் ஐரோப்பா டூர் போகிறேன். பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம். என்னிடம் சோனி ஏ7 மார்க் 3 கேமராவும், 16-35 மி.மீ., 24-70 மி.மீ. ஜிஎம் (சோனியின் உயர்தர வரிசை) லென்ஸ்களும் இருக்கின்றன. 70-200 ஜிஎம்மை வாடகைக்கு எடுக்க முன்பணம் கொடுத்துவிட்டேன். மூன்றுமே எஃப்2.8 (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). இவை போதுமா, இன்னும் ஏதாவது வேண்டுமா? கனம் பிரச்சினையில்லை. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. எப்படியும் பஸ்ஸிலேயேதான் உட்கார்ந்திருப்பார், ஒரு லென்ஸ் பையை அவர் மடியில் வைத்துவிடலாம்.
- வாசகர், மதுரை

பதில்: லென்ஸ் விஷயம் இரண்டு நிமிட வேலை. அந்த ‘எப்படியும்’ இருக்கிறதே, அதை முதலில் பேசுவோம்.

விசா எடுத்து, விமானம் ஏற்றி, பாரிஸ் வரை கூட்டிப்போய், அம்மாவை பஸ்ஸில் உட்கார வைக்கப்போகிறீர்கள். அதுவும் லென்ஸுக்குக் காவலாக. இதை அவரிடம் கேட்டீர்களா, நீங்களே முடிவு செய்துவிட்டீர்களா? கடிதத்தில் 70-200க்கு முன்பணம் கொடுத்ததைக்கூட எழுதியிருக்கிறீர்கள். முழங்காலை டாக்டரிடம் காட்டியதாக ஒரு வரி இல்லை.

இன்னொன்று தெரியுமா தம்பி? அங்கே டூர் பஸ் வாசலிலேயே நிற்காது. ஆட்களை இறக்கிவிட்டு டிரைவர் தூரத்துப் பார்க்கிங்குக்குப் போய்விடுவார். உங்கள் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

நானும் யோக்கியம் இல்லை. காசிக்கு அம்மாவைக் கூட்டிப்போன அன்று, பெட்டிகளைப் பார்த்துக்கொள் என்று லாட்ஜ் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு மாலை ஆரத்திக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டிமேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். “கூட்டமா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள். ஆரத்தியை எடுத்த படங்கள் நாற்பது இருக்கின்றன. அவள் ஒன்றில்கூட இல்லை.

அதனால் இன்றே டூர்காரருக்குப் போன் போடுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று 48 மணி நேரம் முன்னதாகவே விமான நிறுவனத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். பாரிஸின் லூவர் மியூசியத்தில் சக்கர நாற்காலி இலவசமாகவே தருகிறார்கள். ஈஃபில் டவரில் இரண்டாம் தளம் வரை லிஃப்டில் நாற்காலியோடு போகலாம். ரோமில்தான் கஷ்டம், கல் பாவிய தெருக்களில் சக்கரம் குதிக்கும். பிடித்துத் தள்ள இரண்டு கையும் வேண்டும்.

இப்போது கணக்கு. உங்கள் மூன்று லென்ஸும் முதல் மாடல்கள் என்று வைத்துக்கொண்டால், கேமராவோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 கிலோ. அதில் 70-200 மட்டும் 1,480 கிராம். கழுத்தில் இதையும் மாட்டிக்கொண்டு அம்மாவையும் தள்ள முடியாது. கேமரா போக இரண்டே லென்ஸ் போதும். 24-105 எஃப்4, 663 கிராம். 35 எஃப்1.8, 280 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு கிலோ வராது. சர்ச் உள்ளே இருட்டாக இருந்தால் 35ஐ மாட்டுங்கள், எஃப்4ஐப் போல ஏறக்குறைய 5 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும், வெளியே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. வாடிகனில் கூரை ஓவியங்களுக்குப் பேர்போன சிஸ்டைன் சேப்பலில் படமெடுக்கவே கூடாது. அங்கே கேமராவைப் பையில் போட்டுவிட்டு அம்மாவோடு சேர்ந்து அண்ணாந்து பாருங்கள்.

16-35 வீட்டிலேயே இருக்கட்டும். 16 மி.மீ. அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரத்தில் நிற்கிறவர் முகம் இழுபட்டுப்போகும். குரூப் போட்டோவில் அந்த ஓரத்தில் யார் நிற்பார் என்று உங்களுக்கே தெரியும். 24-105ஐ 85 மி.மீ.க்குமேல் ஜூம் செய்து, அம்மாவின் முகத்தை மட்டும் எடுங்கள். உங்கள் மனைவிக்கும் ஷட்டர் அமுக்கக் கற்றுக்கொடுங்கள், அப்போதுதான் தாயும் பிள்ளையும் ஒரே படத்தில் வருவீர்கள்.

முன்பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வாடகைக்கடையில் 70-200க்குப் பதில் 24-105ஐயும் 35ஐயும் கேளுங்கள். காசு மிச்சமானால் அதில் அம்மாவுக்கு நல்ல ஷூ வாங்குங்கள், செருப்போடு அந்தக் கல் தெருவில் இறக்காதீர்கள். கடைக்கு அவரையே கூட்டிப்போங்கள். சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு பார்ப்பதுதான் சரி.