ஏன், எதற்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஆங்கிலத்தில் எழுதுவது எனக்குச் சிரமமில்லை. ஆனால் அயல்நாட்டுச் சக ஊழியர்களிடம் ஒன்றை ஏன் செய்தேன், எதற்குச் செய்தேன் என்று பேச்சில் விளக்கும்போது விண்ணப்பம் வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. நேற்றுகூட, "டியூ டு ஹெவி டிராஃபிக், ஐ வாஸ் நாட் ஏபிள் டு ஜாயின் த கால்" என்றேன். "ஐ வென்ட் டு த பேங்க் ஃபார் வித்டிராயிங் மணி" என்று நான் சொன்னதைத் தோழி ஒருவர் தவறு என்றார். ஏனென்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை. தாங்கள் விளக்க வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தோழி சொன்னது சரி. அதற்கான விளக்கம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'மழை பெய்ய நெல் விளைந்தது', 'நெல் விளைய மழை பெய்தது' என்று உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 'பெய்ய', 'விளைய' என்று வரும் செயவென் எச்சம் என்னும் ஒரே வடிவம் முதல் தொடரில் காரணத்தையும் அடுத்ததில் நோக்கத்தையும் உணர்த்துகிறது. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. காரணத்துக்குப் 'பிகாஸ்' போன்ற சொற்கள், நோக்கத்துக்கு 'டு'. 'பணம் எடுக்கப் போனேன்' என்பதிலுள்ள 'எடுக்க' என்பதற்கு இணை 'டு கெட்' என்பதே. நாமோ அதை மனத்துக்குள் 'எடுப்பதற்காக' என்று விரித்து, அந்த 'ஆக' என்பதற்கு ஈடாக ஒரு 'ஃபார்' போட்டுவிடுகிறோம். "ஐ வென்ட் டு த பேங்க் டு கெட் சம் கேஷ்" என்றால் போதும்.

'ஃபார்' வரும் இடங்களும் உண்டு. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அது இயல்பானது: "ஐ வென்ட் அவுட் ஃபார் காபி." ஒரு பொருளின் பயனைச் சொல்லும்போது "திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் பிரெட்" என்பதும், நன்றி சொல்லும்போது "தேங்க்ஸ் ஃபார் கமிங்" என்பதும் சரியே. ஒருவர் ஒரு செயலை எதற்குச் செய்தார் என்று சொல்லும் இடத்தில்தான் 'ஃபார் வித்டிராயிங்' பொருந்தாது.

உங்கள் முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் 'டியூ டு' அறிவிப்புப் பலகைக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் உரிய சொல். எழுத்துத் தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்பதால் காரணம் முன்னால் வந்துவிடுகிறது. அந்த வரிசையையே நீங்கள் ஆங்கிலத்துக்கும் கொண்டு செல்கிறீர்கள். வீட்டில் நாம் அப்படிப் பேசுவதில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். 'வர முடியல, ஒரே மழை' என்கிறோம். செய்தி முதலில், காரணம் பிறகு, நடுவே இணைப்புச் சொல்லே கிடையாது. ஆங்கிலப் பேச்சும் இதேபோலத்தான் நடக்கிறது: "சாரி ஐ மிஸ்ட் த கால், த டிராஃபிக் வாஸ் டெரிபிள்." ஆகவே உங்கள் எழுத்துத் தமிழை விட்டுப் பேச்சுத் தமிழிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். 'ஏனென்றால்... ஆகையால்' என்று இரண்டையும் சேர்த்து, "பிகாஸ் இட் வாஸ் ரெயினிங், ஸோ ஐ ஸ்டேட் ஹோம்" என்பதும் பலரிடம் கேட்கக்கூடியது. இரண்டில் ஒன்று போதும்.

பேச்சுத் தமிழில் நோக்கத்தைச் சொல்லப் பெரிதும் உதவுவது 'என்று' என்னும் சொல். 'மறந்துவிடக் கூடாதென்று எழுதி வைத்தேன்' என்பதை 'ஃபார் நாட் ஃபர்கெட்டிங்' என்று திருப்புவோர் உண்டு. அங்கே ஆங்கிலத்துக்கு வேண்டியது ஒரு சிறிய 'ஸோ'தான்: "ஐ ரோட் இட் டவுன் ஸோ ஐ வுடன்ட் ஃபர்கெட்." 'மழை வந்தாலும் வரும் என்று குடை எடுத்துக்கொண்டேன்' என்பதற்கு 'இன் கேஸ்' கச்சிதமாகப் பொருந்தும்: "ஐ டுக் அன் அம்பிரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ட்." இங்கே 'இஃப்' போட்டால், மழை பெய்தபோதெல்லாம் குடை எடுத்துச் சென்றேன் என்று பொருள் மாறிவிடும்.

இன்னொன்று, இந்தச் சிறு சொற்களை அழுத்தாதீர்கள். நோக்கம் சொல்லும் 'டு', மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் பேச்சில் ஏறக்குறைய 'ட' என்றே ஒலிக்கும். 'பிகாஸ்' பல சமயம் 'கஸ்' என்று குறுகிவிடும். வங்கி வாக்கியத்தில் அழுத்தத்தை 'பேங்க்', 'கேஷ்' ஆகிய இரண்டு சொற்களுக்கும் கொடுத்துச் சில முறை சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.